ஒரு ஜெராக்ஸ் நேரம்

என் செட்டுக்காரர்களே, கைப்பையில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி வைத்துக்கொண்டு மூன்றாவது கண்ணாடியைத் தேடுகிற வயதுக்கு வந்துவிட்டோம். போன வாரம் விடுதியில் இருக்கும் என் மகனோடு வீடியோவில் பேசினேன். நான் பேசப் பேச அவன் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். பாசமாக டாட்டா காட்டுகிறான் என்று நானும் பதிலுக்கு ஆட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் நான் மியூட்டில் இருந்திருக்கிறேன். அதை எப்படி எடுப்பது என்று அவன் சைகையில் சொல்லிக்கொடுத்த தோரணை இருக்கிறதே, சின்னப் பிள்ளைக்கு மூக்குச் சிந்தப் பழக்குவது மாதிரி.

கோபம் வரவில்லை. அடேய், சத்தம் போகாத கம்ப்யூட்டரோடு ஒரு ஐப்பசி முழுக்க, கார்த்திகையில் பாதி மல்லுக்கட்டியவள்டா உன் அம்மா, சந்தேகம் இருந்தால் உன் பெரியம்மாவைக் கேள் என்று சொன்னேன். சொன்னபோதும் மியூட்டில்தான் இருந்தேன். அதனால் அவனுக்குச் சொல்ல விட்டுப்போனதை உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்குத்தான் புரியும்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. அப்பா திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அவரைப் பெற்றவர்கள் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அதனால் கடை என்பது அவருக்குக் கடை இல்லை, கோயில். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். அவரைப் பார்த்து ரேஷன் கார்டு நகலெடுக்க வந்தவர்களும் கழற்றினார்கள். ஒருமுறை லாரிக்காரர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டுகூடப் போனார்.

ஜெராக்ஸ் மிஷின் ஒரு பசுமாடு அளவு இருக்கும். பொத்தானை அமுக்கினால் கண்ணாடிக்கு அடியில் பச்சை வெளிச்சம் ஒன்று இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போய்த் திரும்பும். வயிற்றுக்குள் கடகடவென்று ஏதோ உருளும். அப்புறம் தாள் வந்து விழும், கல்லிலிருந்து எடுத்த தோசை மாதிரி வெதுவெதுப்பாக. மழைநாளில் அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வேன். ஒருமுறை ஒருவருடைய நிலப் பத்திரத்தின் நகலைக் கன்னத்தில் வைத்து, சர்வே எண் என் கன்னத்தில் பதிந்து, பள்ளிக்கூடம் வரை அதோடு போனேன்.

மிஷினுக்கு அடுத்த மேசையில் கம்ப்யூட்டர். பூப்போட்ட பிளாஸ்டிக் உறை, உருண்டை வைத்த மவுஸ், இரண்டு குட்டி ஸ்பீக்கர், வளைந்த கழுத்தோடு ஒரு மைக். மைக்கின் தலையில் கறுப்புப் பஞ்சுத் தொப்பி. டெலிபோன் ஒயரை உருவிக் கம்ப்யூட்டரில் சொருகினால், சளி பிடித்த பூனை கத்துவது மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு இன்டர்நெட் வரும். அந்த மைக்கெல்லாம் இப்போது எங்கே போயிற்றோ. இன்றைக்கு அந்த இடத்தில் செல்போனுக்குச் சட்டை விற்கிறார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அப்பா வழக்கம்போல ஒன்றையும் விடவில்லை. ஜெராக்ஸ் மிஷின், ஸ்டேப்ளர், கத்தரிக்கோல், கால்குலேட்டர், மவுஸ், ஸ்பீக்கர், மைக், சுவிட்ச் போர்டு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பொட்டு வைத்த இயந்திரம் மக்கர் பண்ணாது என்பது அவர் கொள்கை. குறுக்கே நின்ற என் நெற்றியிலும் ஒன்று விழுந்தது. நான் அதற்கப்புறமும் மக்கர் பண்ணினேன். அந்த வகையில் கொள்கை அன்றைக்கே பொய்த்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை.

பூஜை முடிந்த கையோடு அத்தை ஒரு வரன் கொண்டுவந்தாள். அப்பாவின் தங்கை அவள். மாப்பிள்ளைக்கு ஊர் டி. கல்லுப்பட்டிப் பக்கம், வேலை சிங்கப்பூரில். போட்டோவில் பின்னால் கப்பல் நின்றது. அத்தை சொன்ன விதத்தில் கப்பலும் அவருடையது என்றே நான் நம்பினேன். மார்கழி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேச முடியாது, அதற்குள் வந்து பெண்ணுக்குப் பூ வைத்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா அவசரப்பட்டார்.

பெண் என்பது என் அக்கா. மதுரையில் ஒரு கல்லூரியில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள், கடைசி வருஷம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அடுத்து பி.எட். முடித்து டீச்சராக வேண்டும் என்பது அவள் முடிவு. அது கல்யாணத்துக்கு முன்னால் நடந்தாலும் சரி, பின்னால் நடந்தாலும் சரி, நடக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் அதை நேரே கேட்டுவிட்டுத்தான் தலையாட்டுவேன் என்றாள். அவர் அடுத்த லீவுக்கு வருவதற்குள் பூ என்ன, காயே வந்துவிடும். ஐ.எஸ்.டி. போட்டுப் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் அத்தை “காசு ஓடுது” என்று ரிசீவரைப் பிடுங்கிவிடுவாள். மிச்சம் இருந்தது கம்ப்யூட்டர். மாப்பிள்ளையின் அறை நண்பரிடமும் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டுப் பேசுவது என்று ஏற்பாடு.

முதல் ஞாயிறு. அக்கா நாற்காலியில். அப்பா பின்னால் நின்றார், படம் எடுக்கப் போகிற மாதிரி விறைப்பாக. அத்தை ஸ்டூலில். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் படம் வரைந்து பாகம் குறித்தவள் என்கிற தகுதியில் நான் தொழில்நுட்பத் தலைமை. பூனை கத்தி முடித்ததும் ஸ்பீக்கரில் மாப்பிள்ளையின் குரல் வந்தது. “ஹலோ, சொல்லுங்க.” நல்ல குரல். அக்கா வணக்கம் சொன்னாள், பேர் சொன்னாள், படிப்பைச் சொன்னாள், நேரே விஷயத்துக்கு வந்து பி.எட்.டையும் கேட்டாள். அவர் பாட்டுக்கு “ஹலோ, சொல்லுங்க” என்றார். அக்கா மறுபடி சொன்னாள். அவர் மறுபடி “சொல்லுங்க” என்றார். அக்கா கத்தினாள். வெளியே உசிலம்பட்டி பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கெல்லாம் அவள் பி.எட். ஆசை தெரிந்துவிட்டது. சிங்கப்பூருக்குத் தெரியவில்லை.

நடு வாரத்தில் அத்தை ஒரு கிலோ அல்வாவோடு வந்தாள். மாப்பிள்ளை தன் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்: பெண் ரொம்ப அடக்கம், ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்குப் பிடித்துவிட்டது.

அப்பாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். அக்கா அல்வாவைத் தொடவில்லை. அவள் பங்கையும் நான் தின்றேன், குடும்பத்துக்கு என்னால் ஆன உதவி.

“அத்தே, நான் பேசுனது அவருக்குக் கேக்கல.”

“கேக்காட்டி என்னத்தா? அதுதான் உன்னையப் பிடிச்சிருச்சுல்ல.”

எழுதிக் கேட்டுவிடேன் என்று நான் யோசனை சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்தும் அனுப்பலாமே. அக்கா வேண்டாம் என்றாள். எழுதினால் அவர் நாலு பேரைக் கேட்டு, ஆற அமர ஒரு பதில் எழுதுவார். எனக்கு அந்தப் பதில் வேண்டாம், கேட்ட உடனே வாயில் வருகிற பதில் வேண்டும், அதற்கு அவர் எம்புட்டு நேரம் யோசிக்கிறார் என்று நான் காதால் கேட்க வேண்டும் என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன். இந்தத் திறமை எனக்குப் பிறவியிலேயே உண்டு.

அன்றிலிருந்து கல்லூரி விட்டு வந்ததும் அவளும், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைக் கொடுத்தோம். அங்கே ஒட்டடை, ஒயர் சிக்கல், ஒரு பல்லி. மைக் ஒயர் நீலத் துளையில் இருந்தது. ரோஸ் துளைக்கு மாற்றினோம். அடுத்த ஞாயிறு, மறுபடி அடக்கமான பெண். திரையின் மூலையில் ஸ்பீக்கர் பொம்மையைத் திறந்தால் மைக் என்று எழுதிய இடத்தில் மியூட் டிக் அடித்திருந்தது. அதை எடுத்தோம். அந்த ஞாயிறும் அடக்கம். மாப்பிள்ளையின் அம்மா மல்லிகைப் பூவும் பழமும் கொடுத்தனுப்பினார். எங்கள் பக்கம் சத்தம் குறையக் குறைய, அவர்கள் பக்கம் மரியாதை ஏறிக்கொண்டே போனது.

அப்பா, தன் பங்குக்கு, திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டும் அண்ணனைக் கூட்டிவந்தார். அவர் எங்கள் மைக்கைக் கையில் வாங்கி, குருவிக் குஞ்சைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். “அண்ணே, இம்புட்டுக்கூண்டு மைக்குல சிங்கப்பூருக்குச் சத்தம் எப்படிண்ணே போகும்? மதுரைக்கு அந்தாண்ட பரவையைக்கூடத் தாண்டாது” என்றார். ஸ்பீக்கர் சத்தத்தை முழுசாகத் திருகிவைத்துப் பேசச் சொன்னார். சொன்னபடி செய்தோம். மாப்பிள்ளை அன்றைக்கு “ஹலோ” என்றது பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. திண்டுக்கல் பஸ் கண்டக்டர் பதில் சொன்னார். மாப்பிள்ளைக்கு மட்டும் எங்கள் குரல் கேட்கவில்லை.

அம்மா இதில் எந்தப் பக்கம் என்று வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா தட்டில் மட்டும் ஒரு முட்டை கூடுதலாக இருக்கும். தொழில்நுட்பத் தலைமைக்குக் கிடையாது.

கார்த்திகை பாதி கழிந்தது. பூ வைக்க நாள் குறித்துவிட்டார்கள். வருகிற ஞாயிறை விட்டால் அடுத்த ஞாயிறு கிடையாது. வெளியே விடாத மழை, கடைக்குள் ஈரத் தாள் வாசம். நான் ஒரே மூச்சில் ஒயரைப் பிடுங்கி, செட்டிங்கை மாற்றி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்து பார்த்தேன். அக்கா என் மண்டையில் கொட்டினாள்.

“ஒரு நேரத்துக்கு ஒண்ணு மாத்துடி. ரெண்டை மாத்துனா எதுனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்? இது கணக்கு மாதிரி.”

கணக்கில் நான் வாங்கும் மதிப்பெண் அவளுக்குத் தெரியும். இருந்தும் சொன்னாள்.

அவள் சிங்கப்பூரை விட்டுவிட்டாள். அங்கே பேசிப் பார்க்கவே வேண்டாம், முதலில் நம் கம்ப்யூட்டருக்கே நம் குரல் கேட்கிறதா பார்ப்போம் என்று, குரலைப் பதிவு செய்யும் பெட்டியைத் திரையில் திறந்தாள். மைக்கில் பேசிப் பதிந்து, திருப்பிப் போட்டுக் கேட்டாள். உஸ் என்ற இரைச்சல், அவ்வளவுதான். நான் ஒரு பாட்டுப் பாடினேன். உஸ். என் பாட்டுக்கு அதுவரை கிடைத்ததிலேயே நாகரிகமான விமர்சனம் அது. கடுப்பில் அக்கா மைக்கை விரல் நகத்தால் சுண்டினாள். திரையில் படுத்துக் கிடந்த கோடு சடக்கென்று துள்ளியது. திருப்பிப் போட்டால் “டொக்” என்று கேட்டது.

இன்னொரு தடவை சுண்டினாள். டொக். பேசினாள். உஸ். சுண்டினாள். டொக்.

“தொட்டா கேக்குது. பேசுனா கேக்கல” என்றாள் மெதுவாக. “அப்ப ஒயருல குத்தமில்ல. செட்டிங்ல குத்தமில்ல. இதோட காதுலதான் என்னமோ அடைச்சிருக்கு.”

நான் கறுப்புத் தொப்பியை உருவினேன். உள்ளே, குண்டூசி முனையளவு துளை இருக்க வேண்டிய இடத்தில், வட்டமாக, அழகாக, நடுவில் சிவப்பு வைத்து, ஒரு சந்தனப் பொட்டு. காய்ந்து கல்லாகியிருந்தது.

அப்பாவைக் கூப்பிட்டோம். அவர் பார்த்தார். பஞ்சில் சந்தனம் ஒட்டவில்லை, அதனால் தொப்பியைக் கழற்றி நேரே வைத்து, திரும்ப மாட்டினேன் என்று கூச்சத்தோடு சொன்னார். அக்கா தாவணி ஊக்கைக் கழற்றியதும் பதறிவிட்டார். சாமி பொட்டை ஊக்கால் குத்துவதா? கடைசியில் அவரே மைக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் தொட்டுத் தொட்டு ஊறவைத்து, நகத்தால் சுரண்டி எடுத்தார். மருந்து கொடுக்கிற மாதிரி அத்தனை பதனமாக. பொட்டு உதிர்ந்ததும் அக்கா “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று பேசித் திருப்பிப் போட்டாள். அவள் குரல் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. அப்பா அதை இரண்டாம் தடவையும் போடச் சொல்லிக் கேட்டார். எத்தனை வாரமாகப் பின்னால் நின்றவர், அவள் என்ன பேசுகிறாள் என்பதை அப்போதுதான் கேட்கத் தொடங்கினாரோ என்று இப்போது தோன்றுகிறது.

சிக்கல் அதோடு தீரவில்லை. தொலைபேசி ஒயர் வழியாகப் போகிற குரல் சிங்கப்பூர் போய்த் திரும்ப நேரம் பிடிக்கும். நாம் பேசி முடித்துக் கொஞ்சம் காத்திருந்தால்தான் பதில் வரும். மாப்பிள்ளை தயங்கினாரா, ஒயர் தயங்கியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அக்கா ஒரு நாள் யோசித்தாள். மறுநாள் என்னிடம் வேலை கொடுத்தாள். நான் கேள்வி கேட்டு முடித்ததும் நீ ஜெராக்ஸ் பொத்தானை அமுக்கு, அவர் பதில் வரும்போது தாள் எங்கே இருக்கிறது என்று பார் என்றாள்.

அந்த ஞாயிறு. அதே விறைப்பில் அப்பா, அதே ஸ்டூலில் அத்தை. பூனை கத்தி ஓய்ந்தது.

“ஹலோ, சொல்லுங்க” என்றார் மாப்பிள்ளை.

“வணக்கம். சாப்பிட்டீங்களா?” என்றாள் அக்கா. நான் பொத்தானை அமுக்கினேன். பச்சை வெளிச்சம் போய்த் திரும்பியது. தாள் விழும்போது சரியாக அவர் குரல் வந்தது. சாப்பிட்டாராம். பெண்ணின் குரலை முதன்முதலாகக் கேட்டதில் அவருக்குச் சந்தோஷம், சிரித்தார். அக்கா அங்கே மழையா என்று கேட்டாள். அமுக்கினேன். தாள் விழுந்தது, பதில் வந்தது. லீவு எப்போது? தாள், பதில். ஒரு கேள்விக்கு ஒரு ஜெராக்ஸ் நேரம், அதுதான் ஒயரின் கணக்கு. அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கல்யாணக் களை கட்டிவிட்டதாக நினைத்து வெற்றிலையை எடுத்து மடித்தாள்.

அக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

“நான் பி.எட். படிக்கணும். டீச்சர் வேலைக்குப் போகணும். கல்யாணத்துக்குப் பெறகும் போவேன். உங்களுக்குச் சம்மதமா?”

அமுக்கினேன். வெளிச்சம் போய்த் திரும்பியது. தாள் விழுந்தது. பதில் இல்லை. இன்னொன்று அமுக்கினேன். அதுவும் விழுந்தது. இன்னொன்று. வெள்ளைத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. அத்தை மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். ஸ்பீக்கரில் மாப்பிள்ளை அறையின் மின்விசிறி கிர் கிர் என்று சுற்றுவது கேட்டது. யாரோ பாத்திரம் வைக்கும் சத்தம். ஒரு இருமல்.

அப்பாவால் பொறுக்க முடியவில்லை. மறுபடியும் ஒயர் கோளாறு என்று கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டார்.

“அதைத் தொடாதப்பா” என்றாள் அக்கா. “லைன் நல்லாத்தான் இருக்கு.”

அப்பாவின் கை அப்படியே நின்றது. நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

“அது வந்து…” என்றார் மாப்பிள்ளை. “அதெல்லாம் அம்மாகிட்டக் கேட்டுக்கங்களேன். நான் என்ன சொல்றது?”

அக்கா கோபப்படவில்லை. “சரிங்க. இன்னைக்குத்தான் தெளிவாக் கேட்டுச்சு. வைக்கிறேன்” என்று சொல்லி, தொடர்பைத் துண்டித்தாள்.

எல்லாரும் அத்தையைத்தான் பார்ப்பார்கள் என்று நானும் அத்தையைப் பார்த்தேன். வாரா வாரம் ஏதாவது ஒரு சமாதானம் வைத்திருந்தவள். ஒயர் என்பாள், மழை என்பாள், கூச்சம் என்பாள். அன்றைக்கு அவள் வெற்றிலையைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டாள்.

“ஃபேன் சத்தங்கூடக் கேட்டுச்சுண்ணே” என்றாள் அப்பாவிடம். “மிஷினைக் குத்தம் சொல்ல முடியாது.”

அப்பா கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து கையை எடுத்தார். ஜெராக்ஸ் மிஷினிடம் போனார். அத்தனை தாளையும் கரண்டையும் வீணாக்கியதற்கு எனக்கு விழப்போகிறது என்று மேசைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கினேன். அவர் வெள்ளைத் தாள்களை ஒன்றாகச் சேர்த்து, மேசையில் தட்டி ஓரம் ஒழுங்காக்கி, ஸ்டேப்ளரால் குத்தி, அக்காவிடம் நீட்டினார்.

“இந்தா. கணக்குப் போட வச்சுக்க. பி.எட்.டுக்கு எங்க எழுதிப் போடணும்னு கேட்டுட்டு வா. கல்லுப்பட்டிக்கு நான் போன் பண்ணிக்கிறேன்.”

டெலிபோன் ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவி, திரும்பப் போனில் சொருகினார். அக்கா தாள்களைக் கையில் வாங்கினாள். வெதுவெதுப்பு இன்னும் இருந்திருக்க வேண்டும், கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அது என் பழக்கம். அன்றைக்கு விட்டுக்கொடுத்தேன்.

அக்கா இப்போது மதுரையில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். கட்டிக்கொண்டவர் எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லிவிட்டு, அப்புறம் யோசித்து மாட்டிக்கொள்கிற ஆள். ஜெராக்ஸ் தேவைப்படவில்லை.

அடுத்த வருஷ ஆயுத பூஜையன்று அப்பா சந்தனக் கிண்ணத்தோடு வழக்கம்போலச் சுற்றி வந்தார். ஸ்டேப்ளர், கத்தரிக்கோல், கால்குலேட்டர், மவுஸ். மைக் வந்ததும் விரல் நின்றது. தொப்பியை எடுத்துப் பார்த்தார், ஊதினார், திரும்ப மாட்டினார். பொட்டைக் கீழே அடித்தட்டில், தரையோடு ஒட்டி வைத்தார். வைத்துவிட்டுக் குனிந்து, “ஹலோ” என்று மைக்கில் சொல்லி அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

“கேக்குதுப்பா” என்றாள்.

அந்த வருஷம் ஜெராக்ஸ் மிஷினுக்கு மட்டும் இரண்டு பொட்டு. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.